மகள்கள் வழியும் அச்சேற வேண்டும்: ஹவுலண்ட் வம்சாவளிக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஜான் ஹவுலண்ட், எலிசபெத் டில்லி தம்பதியின் வழிவந்த சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். மகள்கள் வழியையும் சேர்த்து நாம் அச்சிடப்போகும் வம்சாவளிப் புத்தகத்துக்கு அச்சகம் சொன்ன விலை செப்டம்பர் 30 வரைதான் செல்லும். இன்னும் 7,150 டாலர் குறைகிறது.

நம் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றி வந்த மேஃப்ளவர் கப்பலில், பிளைமவுத் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் பணியாளாக வந்தவர் ஜான். வழியில் புயலடித்துக் கடலில் விழுந்தார். வெளியே தொங்கிய பாய்க்கயிறு ஒன்று கையில் சிக்கியது. பல அடி ஆழத்துக்குள் போயும் அவர் பிடியை விடவில்லை. கயிற்றோடு மேலே இழுத்து, கொக்கிக் கழியால் கப்பலில் ஏற்றினார்கள் என்று கார்வருக்கு அடுத்து ஆளுநரான பிராட்ஃபோர்டே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கயிறு அறுந்திருந்தால் இதை எழுத நாங்களும் இல்லை, படிக்க நீங்களும் இல்லை. எலிசபெத்தோ அதே கப்பலில் வந்து, முதல் குளிர்காலத்திலேயே தாய் தந்தையைப் பறிகொடுத்த சிறுமி. 1627இல் பிளைமவுத்தில் மாடுகளைப் பங்கு பிரித்தபோது, ஜானையும் சேர்த்துப் பதின்மூன்று பேருக்குக் கிடைத்த பங்கில் 'ராக்ஹார்ன்' என்ற கிடாரியும் ஒன்று. அப்புறம் பிளைமவுத்துக்குப் பக்கத்தில் ராக்கி நூக்கில் பண்ணை, பத்துப் பிள்ளைகள். அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் நம் சொந்தம்தான்!

ஆனால் நாலு மகன்களின் வழியைத் தேடுவது சுலபம், குடும்பப் பெயர் கூடவே வருகிறது. ஆறு மகள்கள் அப்படியில்லை. டிசையர் கோரம் வீட்டுக்குப் போனார், ஹோப் சிப்மன் வீட்டுக்கு, ரூத் குஷ்மன் வீட்டுக்கு. நிலப் பத்திரத்தில் மருமகன் பெயர்தான் இருக்கும். எலிசபெத்தையே கார்வரின் மகள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். பிராட்ஃபோர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி 1855இல் லண்டனில் கிடைத்த பிறகே ஜான் டில்லியின் மகள் என்பது தெளிவானது. ஆகவே உயிலோடும் பத்திரத்தோடும் ஒப்பிடாத பெயர் எதுவும் புத்தகத்தில் ஏறாது.

அந்த ஒப்பிடும் வேலைக்கு 5,000 டாலர், ஆவணங்களை ஸ்கேன் செய்ய 3,800, 400 பிரதி அச்சிட 9,600. மொத்தம் 18,400. கையில் இருப்பது 11,250.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்திலிருந்து மாதம் 25 டாலர் தவறாமல் அனுப்பும் ஒஹையோ அத்தை, வைக்கோல் விற்ற பணத்தை உறையில் போட்டுக் கொடுத்த சகோதரர்கள், குடும்ப வேதாகமத்தின் பிறப்புப் பக்கங்களைத் தூசி தட்டிப் படமெடுத்து அனுப்பிய பார்ன்ஸ்டபிள் தம்பி, தபால் செலவை ஏற்றுக்கொண்டு பெயர் போடாதே என்றவர், எல்லாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

போன குடும்பக் கூடலில் 200 பேருக்கு மேல் விருந்து சாப்பிட்டோம். நன்கொடை கொடுத்தவர்கள் 31 பேர். பெயர் மட்டும் புத்தகத்தில் வர வேண்டும் என்றால் எப்படி?

எலிசபெத் 1686இல் எழுதிய உயிலில், கர்த்தருக்குப் பயந்து, ஒருவருக்கொருவர் அன்போடும் சமாதானத்தோடும் நடக்கும்படி பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டார். யார் கிளை முதலில் வர வேண்டும் என்று சண்டை போடுகிறவர்கள் கவனிக்கவும்: வயது வரிசைதான், டிசையர்தான் முதல்.

50 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவர்களின் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும். முடியாதவர்கள் 10 கொடுத்தாலும் சரி. காசோலையைப் பொருளாளரிடம் செப்டம்பர் 25க்குள் சேர்த்துவிடுங்கள். வங்கியில் மாற இரண்டு மூன்று நாள் ஆகும்.

இப்படிக்கு,
வம்சாவளிக் குழுவினர்