கடலம்மா யாரையும் தண்டிப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், நாவல் உசத்தியா அதிலிருந்து எடுத்த சினிமா உசத்தியா என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். வந்த கடிதங்களில் பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்' பேச்சுதான். அதைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்று உண்டு, அப்புறம் வருகிறேன். ஒரு வாசகர் மட்டும் மலையாளத்து 'செம்மீன்' பற்றி எழுதியிருந்தார். படம் நாவலைத் தாண்டிவிட்டது, கடலை அப்படிக் காட்ட எழுத்தால் ஆகாது என்பது அவர் கட்சி. பாம்பன் சின்னப்பாலத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இன்றைக்கும் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவள் நான். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

படம் நல்ல படம். ராமு காரியட் 1965இல் எடுத்தது, ஜனாதிபதியின் தங்கப்பதக்கம் வாங்கியது. மார்கஸ் பார்ட்லியின் கேமராவில் அந்தக் கரையும் அலையும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. கதாநாயகி கறுத்தம்மாவின் தகப்பன் செம்பன்குஞ்சாக வரும் கொட்டாரக்கர ஸ்ரீதரன் நாயர் போன்ற ஆட்களை எங்கள் ஏலக் கூடத்தில் தினமும் பார்க்கலாம். சொந்தப் படகு, சொந்த வலை என்ற ஆசை ஒருவனை எப்படித் தின்கிறது என்பதை அவர் முகமே சொல்லிவிடுகிறது. அந்த இடங்களில் படம் நாவலுக்குச் சமமாகவே நிற்கிறது.

என் மனத்தாங்கல் வேறு. கடலுக்குப் போன ஆம்பிளையின் உயிர், கரையில் இருக்கிற பெண்டாட்டியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் கதையின் முதுகெலும்பு. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய நாவலில் (நான் படித்தது சுந்தர ராமசாமியின் தமிழ்) அது ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்லிவைக்கிற கதையாக வருகிறது. சக்கி சொல்கிறாள், கறுத்தம்மா கேட்டுக்கொள்கிறாள். பிறகு ஓர் இடத்தில் கரையோரப் பெண்கள் சண்டை போட்டு, ஒருத்தியின் பழைய கதையை இன்னொருத்தி தெருவுக்கு இழுக்கிறார்கள். அதைக் கேட்ட கறுத்தம்மாவுக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை பேர் தவறியும் கடல் அப்படியேதானே இருக்கிறது, இவர்கள் வீட்டு ஆம்பிளைகள் திரும்பித்தானே வந்தார்கள்? நூலகத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தபோது, இதே கேள்வி எனக்கும் சின்ன வயதிலிருந்து இருந்ததே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் யாரும் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை.

படத்தில் அந்த யோசனை நம் காதுக்கு வருவதில்லை. அதற்குப் பதிலாக அந்த நம்பிக்கை ஒரு பாட்டாகிவிடுகிறது. வயலாரின் வரிகள், சலில் சௌத்ரியின் இசை. முத்தெடுக்கப் போனவனை, மனைவி தவமிருந்ததால் கடலம்மா திருப்பிக் கொடுத்தாளாம். இன்னொருத்தி நெறி தவறியதால் அவள் புருஷனைக் கொண்டுபோனாளாம். மலையாளம் தெரியாத எங்கள் பிள்ளைகள்கூட அதை முணுமுணுக்கிறார்கள். மெட்டு அவ்வளவு அழகு. நாவலில் சந்தேகப்பட இடம் இருந்த ஒரு சொல், பாட்டான பிறகு சட்டம் மாதிரி மனத்தில் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் கரையில் கறுத்தம்மாவும் அவள் பழைய காதலன் பரீக்குட்டியும், கடலில் அவள் புருஷன் பழனியும் சுறாவும் என்று மாற்றி மாற்றிக் காட்டும்போது, இவள் தவறினாள், அதனால் அவன் செத்தான் என்பதைக் கண்ணாலேயே பார்த்ததாக ஆகிவிடுகிறது. நாவலின் முடிவும் அதே சாவுகள்தான். ஆனால் கறுத்தம்மாவின் கேள்வியைக் கேட்டுவிட்டு அந்த முடிவுக்கு வருகிறவர் அதை வேறு மாதிரிதான் படிப்பார்.

இதில் ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு அக்காவின் புருஷன் வல்லம் கவிழ்ந்து போனார். காற்று திடீரென்று மாறியது, எஞ்சின் நின்றுவிட்டது. கூடப் போய்ப் பிழைத்து வந்தவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் பதினாறு கும்பிடுவதற்குள் அந்த அக்காவைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. பேசியவர்களில் ஒருவர் இந்தப் படத்தையே எடுத்துச் சொன்னார். அதன் பிறகு அந்த அக்கா எங்களோடு பாசிக்கு வருவதை நிறுத்திவிட்டார். வருமானமும் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் சினிமாக்களில் பெண் என்றால் கரையில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறவள்தான். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைக்கு நடுவே மூச்சடக்கி முங்குகிறவர்கள் பெண்கள். நாங்கள் கடலுக்குள் இருக்கும்போது எங்கள் உயிர் யாருடைய ஒழுக்கத்தில் இருக்கிறது என்று இதுவரை எந்தக் கதையும் கேட்டதில்லை.

சரி, 'பொன்னியின் செல்வன்' கதையில் படகோட்டும் பூங்குழலிக்கு வருகிறேன். அவள் ஊரான கோடிக்கரை எங்கள் வடகடலின் (பாக் விரிகுடாவின்) வடக்கு முனை, அதனால் அவள் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரி. கல்கியின் இரண்டாம் பாகத்தில் அவள் வந்தியத்தேவனுக்குச் சதுப்பு நிலத்தில் எரிகிற கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டுகிறாள், இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள். படிக்கிறவருக்குக் குலை நடுங்குகிறது. உடனே கல்கி, அது சதுப்பு நிலத்தில் இயற்கையாக எழுகிற நெருப்புதான் என்று விளக்கிவிடுகிறார். பயத்தையும் தருகிறார், பயப்பட வேண்டாம் என்றும் சொல்கிறார். 2022இல் வந்த படத்தில் ஐஸ்வர்யா லட்சுமி படகில் வரும் காட்சி பார்க்க அழகு. ஆனால் தனிமையில் பிசாசுகளோடு பேசிப் பழகிய பெண் அதில் இல்லை.

எல்லாப் படமும் இப்படி என்று சொல்லவில்லை. பூமணியின் 'வெக்கை' 'அசுரன்' ஆனபோது தகப்பனின் பழைய கதையை வெற்றிமாறன் விரித்தார், அது கதைக்குக் கனம்தான் சேர்த்தது.

திரைத்துறையினர் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலைப் பெரிய திரைக்குக் கொண்டுவாருங்கள். மணப்பாடு என்கிற கடற்கரை ஊரின் கதை. பிலோமி சாமிதாஸைக் காதலிக்கிறாள், அவன் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கடல் அதற்காக யாரையும் விழுங்கவில்லை. பிலோமி யார் மீதும் கசப்பில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அதில் வரும் லாஞ்சுக்காரர்களுக்கும் வல்லக்காரர்களுக்குமான சண்டை இன்றும் விசைப்படகு, நாட்டுப்படகு என்று எங்கள் கரையில் ஓயவில்லை. வல்லத்தை விற்க மனமில்லாத அவள் அப்பா குரூஸ் மைக்கேலை எப்படி வேண்டுமானாலும் காட்டுங்கள், பிலோமிக்கு மட்டும் புதிதாக ஒரு புயலைச் சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சின்னப்பாலம், பாம்பன்.