செயலாளரின் ஆண்டறிக்கை 2024: தொடு ஓவிய வகுப்பும் மற்றவையும்

பார்வையற்றோருக்கான நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவைக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதிய உறுப்பினர்களுக்கு மாற்றுத்திறனாளி அட்டை எடுக்க உதவினோம். படிவம் நிரப்புவதைவிட மருத்துவர் கையெழுத்துக்குக் காத்திருந்ததுதான் இழுத்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு பேச வேண்டியது, விரலால் தடவி வரைந்து தடவியே பார்க்கும் தொடு ஓவிய வகுப்பைப் பற்றித்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் இதெல்லாம் எடுபடுமா என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். நம் உறுப்பினர்களில் பலர் இனிப்புநீராலோ (நீரிழிவு) கண் அழுத்த நோயாலோ வயதான பிறகு பார்வை இழந்தவர்கள். நிறமெல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது, கைக்குத்தான் வழி தெரிய வேண்டும். துருக்கியின் ஓவியர் எஷ்ரெஃப் அர்மாகான் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். விரலால் வரைகிறார், ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுவார். அமெரிக்காவின் ஓவியர் ஜான் பிராம்ப்ளிட் 2001இல் பார்வை இழந்தவர்; முதலில் புடைத்த கோடுகளைப் போட்டுக்கொண்டு, சாயத்தின் பதத்தைத் தடவி நிறத்தை அறிகிறார். இருவரிடமிருந்தும் நமக்குத் தோதானதை எடுத்துக்கொண்டோம்.

கோட்டுக்கு, மூக்குள்ள புட்டியில் வரும் வெள்ளைப் பசை. பிழிந்து காயவிட்டால் மேடாக நிற்கும். மழை மாதங்களில் ஒரு ராத்திரி போதாது, காற்றாடியைச் சுழலவிட வேண்டும். நிறத்தை விரல் அறிய, சாயத்தில் ஒவ்வொன்றைக் கலந்தோம்: சிவப்பில் சலித்த மணல், மஞ்சளில் மரத்தூள், நீலம் வழவழப்பாக அப்படியே. மஞ்சளும் நீலமும் சேர்ந்த பச்சையில் தூள் பாதியாகிவிடுவதால் அதையும் விரல் கண்டுபிடிக்கிறது. அரிசிமாவு கலக்கலாமே என்றார் ஓர் அம்மா. எறும்புக்கு விருந்து வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பிரெயில் படிக்கத் தெரிந்தவர் குறைவு. அதனால் புட்டிகளுக்கு ரப்பர் வளையம்: சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், வேறெதுவும் வேண்டாம், மரம்தான் போடுவேன் என்றார். இடது கையால் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டை விரலால் வெட்டுக்கோட்டை இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக ஒரே இழுப்பில் இறக்கினார். சாய்வு அச்சாகத் தோட்டத்து வெட்டு. கோடு முடிந்த இடத்தில் பால் வடியும் மங்கு (கிண்ணம்). “விடியறதுக்கு முன்னாடிதானே வெட்டினோம், அப்பவும் பாதி வேலை கைதான் பார்த்துச்சு” என்றார்.

உதவிக்கு வந்த இளைஞர்களிடம் ஒரே ஒரு வருத்தம். கோணல் கோட்டைக் கண்டால் அவர்கள் கை சும்மா இருக்காது. ஒரு பாட்டி போட்ட வீட்டுக் கூரையை ஒரு பிள்ளை நிமிர்த்திவிட்டான். பாட்டி தடவிப் பார்த்துவிட்டு, “இது யார் வீடுப்பா?” என்று கேட்டார். அப்புறம் செயலவை கூடி, கேட்காமல் யாரும் பலகையைத் தொடக்கூடாது என்று விதி போட்டது.

அக்டோபர் 15, வெள்ளைக் கைத்தடி நாளில் கண்காட்சி. முதலில் பார்த்த மண்டபத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டால்தான் மாட்டவிடுவோம் என்றார்கள். தொட முடியாவிட்டால் வரைந்தவருக்கே தன் படம் கிடைக்காதே! வேறு இடம் பார்த்தோம். வந்தவர்களைக் கண்ணை மூடித் தடவச் சொன்னோம். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், பெரியவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பாவம் என்று சொல்லிப் பணம் நீட்டியவர்களிடம், படம் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள் என்றோம். விற்ற பணம் முழுவதும் வரைந்தவர்களுக்கே போனது. சங்கம் பங்கு எடுக்க வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பெரிய குறை போக்குவரத்து. தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நேரத்துக்குப் பேருந்து இல்லை. வாடகை வண்டிக்குக் கொடுக்கும் காசில் சாயமே வாங்கிவிடலாம். வரும் ஆண்டில் வகுப்பு நாட்களுக்கு மட்டும் வேன் ஒன்றை வாடகைக்கு எடுக்கவும், அந்தச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கவும் பேரவையின் ஒப்புதலைக் கேட்டு இவ்வறிக்கையை முன்வைக்கிறேன்.

நன்றி.
செயலாளர்