எங்கள் டாட்சனைக் கோயில்வரை ஓட வைத்தவர்களுக்கு நன்றி

டர்பனில் இருக்கும் சாட்ஸ்வர்த் மாமாவுக்கும், கிளேர்வுட் லேத்துப் பட்டறைத் தம்பிக்கும், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா அக்காவுக்கும் வணக்கம். பேரைப் போட்டால் கோபித்துக்கொள்வோம் என்று மூன்று பேருமே சொல்லிவிட்டீர்கள். சரி, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் மாமனாரின் 1972 டாட்சன் 1200 கார், ஜோகன்னஸ்பர்க்கில் ஓடிய காலத்திலேயே வயதான வண்டி. டர்பனுக்கு வந்ததும் ரோபோட்டுக்கு ரோபோட் (சிக்னல் விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எஞ்சின் அணைந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறி, அப்புறம்தான் இழுக்கும். ஹிக்கின்சன் ஹைவேயில் வாங்கிய ஹாரன் கொஞ்சநஞ்சம் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "கார்புரேட்டர் போச்சு" என்றார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அந்தப் பாகம் போனது உண்மைதான், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடியது, அந்தச் சந்திலும் காற்று புகுந்துகொண்டிருந்தது. ஆனால் மாமா பானெட்டைத் திறந்ததும் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் நகர்த்தினார். எங்கே 'உஸ்' என்று கேட்டதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. கடைசியில் எஞ்சின் முழுக்கக் கோடுதான்.

மாமனாருக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய்களுக்குப் பதிலாக மீன்தொட்டிக் குழாயை மாட்டியிருந்தார்! எஞ்சின் சூட்டில் அது இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, மாமா வாயாலேயே உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துக்கொண்டு என்னை உள்ளே பார்க்கச் சொன்னார். தட்டு நகர்ந்து அப்படியே நின்றது. "தட்டை இழுக்கிற டயாஃப்ரம் நல்லா இருக்குப்பா, குழாயைத் தப்பான இடத்துல சொருகியிருக்காங்க" என்றார். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் நேராகப் போட்டிருந்தார்கள். புதிய கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே இருக்கும் துளையில் மாட்டினார். அங்கே ஐடிலிங்கில் இழுப்பு இருக்காது, மிதித்தால்தான் வரும்.

கார்புரேட்டர் வெபர் 32/36. அக்கா அனுப்பியது. இந்த 1,171 சிசி எஞ்சினுக்கு அது கொஞ்சம் பெரிதுதான், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட் சரியாக அமைந்தால் ஒத்துக்கொள்ளும். அந்த ஜெட்டில்தான் அக்காவின் கெட்டிக்காரத்தனம். ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்று இலேசு, சின்ன ஜெட் போதும். அதே ஜெட்டோடு டர்பனில் ஓட்டினால் பெட்ரோல் போதாது. இதை யோசித்து, வீட்டில் இருந்த பெரிய ஜெட்டுகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தீர்கள், அக்கா. அது இல்லாவிட்டால் புதிய கார்புரேட்டரும் பழையது மாதிரியே திணறியிருக்கும்.

தம்பி, உங்களுக்கு ஒரு தனி வார்த்தை. மேனிஃபோல்டுக்கும் வெபருக்கும் நடுவில் வரும் அடாப்டர் தட்டு வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை விரித்து, எட்டு போடுகிற மாதிரி தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஓரத்தில் மட்டும் இருந்த பளபளப்பு முழுவதும் பரவிய பிறகுதான் கையை எடுத்தீர்கள். நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னீர்கள். காசு வாங்க மறுத்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாம் மாட்டியதும், எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜ் வைத்துப் பார்த்தோம். முன்பு 14-இல் நடுங்கிய முள் 19-இல் அசையாமல் நின்றது. மாமா இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிரேக் மிதியை இலகுவாக்கும் சர்வோவின் குழாயும் புதிது. எஞ்சினை அணைத்த பிறகும் முதல் மிதி இலகுவாகவே இறங்குகிறது.

தைப்பூசத்தன்று மாமனாரை முன்சீட்டில் உட்கார வைத்து, பால்குடத்தோடு உம்கேனி ரோடு கோயிலுக்குப் போனோம். வழியில் ஒரு ரோபோட்டிலும் அணையவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திரும்பும்போது சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாமா, கேஜ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போடவில்லை; மிதவையும் ஊசியும் நன்றாகவே இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், சும்மா கொடுக்கிறேன்.