பூனைக்குத் தெரியாத ரகசியத் தளம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டார சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். எதிரி கண்ணில் படாத ரகசியத் தளத்தை அட்டையில் செய்துகாட்ட வேண்டும். பரிசு பெற்ற மாதிரியில் ஏழு எஃகுக் கதவுகள், மூலைக்கு மூலை கேமரா, சுவரெங்கும் சிவப்பு லேசர்க் கோடுகள். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே இருப்பவன் மூச்சுவிட ஒரு துளைகூட இல்லை. நடுவர் எவரும் அதைக் கேட்கவில்லை.

கட்டடங்களின் நிலவறைகளில் காற்றோட்டக் குழாய்களையும் விசிறிகளையும் பராமரித்தே 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மண்ணுக்கடியில் எதையும் புதைத்துவிடலாம். அது விடும் மூச்சு மேலே வந்துதான் தீரும். சூட்டுக்காற்று வெளியேறும் கம்பிவலையைச் சுற்றிப் புல் கருகும். நள்ளிரவில் விசிறி இரைச்சல் அடுத்த புளோக்குக்குக் கேட்கும். மழை விட்டதும் பூனைகள் வந்து படுப்பது அந்தக் கம்பிமேல்தான். பழக்கமில்லாத கட்டடத்தில் வரைபடத்தைப் பிரிக்காமல், பூனையை வைத்தே குழாய்வாயைக் கண்டுபிடித்திருக்கிறேன். மூடியில் தண்ணீர் தேங்கினாலோ டெங்கிப் பரிசோதகர் வந்துவிடுவார். அவரிடம் எந்த ராணுவ ரகசியமும் செல்லாது.

சிங்கப்பூர் நகரின் நடுவே ஃபோர்ட் கேனிங் குன்றுக்கடியில் பிரிட்டிஷார் 1930களின் பிற்பகுதியில் கட்டிய ‘பேட்டல் பாக்ஸ்’ என்ற போர்க்கால நிலவறைத் தளம் இருக்கிறது. 9 மீட்டர் ஆழம், ஏறத்தாழ 30 அறைகள், தடித்த கான்கிரீட். 1942 பிப்ரவரி 15 காலையில் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளோடு அங்கே உட்கார்ந்துதான் ஜப்பானியரிடம் சரணடைய முடிவெடுத்தார். அதன் கதவை யாரும் உடைக்கவில்லை. நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன, குண்டுவீச்சில் குழாய்கள் சிதைந்துவிட்டன. நகரத்துக்கு இன்னும் ஒரு நாள் தண்ணீர் வருமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

மண்டாய் இன்னொரு வகை. பழைய கருங்கல் குவாரிக்கடியில் நம் ஆயுதப்படையின் வெடிமருந்துக் கிடங்கு இருப்பதை 2008ல் தற்காப்பு அமைச்சே ஊரறியச் சொல்லிவிட்டது. தரைமேல் வைத்தால் சுற்றிலும் பெரும்பரப்பைக் காலியாக விடவேண்டும். கீழே போனதில் சுமார் 300 ஹெக்டர் நிலம் மிச்சம். இடம் எல்லாருக்கும் தெரியும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

அவ்வளவு தூரம் போவானேன்? புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் கூப்பிடும் குண்டுவீச்சுப் புகலிட அறையில், எஃகுத் தகடு போட்டு மூடிய காற்றுத்துளைகள் இருக்கின்றன. என் மகள் வீட்டில் அவற்றின்முன் அரிசி மூட்டையும் தீபாவளி முறுக்கு டின்களும் இருக்கின்றன. அது தனிக்கதை.

அடுத்த ஆண்டாவது நடுவர்கள் பிள்ளைகளிடம் கேட்கட்டும்: காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது? தண்ணீர் எத்தனை நாள் வரும்? முன்கதவு அடைபட்டால் எந்த வழியாகத் தப்புவாய்? லேசருக்கு மதிப்பெண் அப்புறம் போடலாம்.

பேரனுக்குப் பரிசு கிடைக்காத கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அதுவும் உண்டு. செருப்புப் பெட்டியில் அவன் இரண்டு ஸ்ட்ராக்களைச் செருகியிருந்தான், ஒன்று காற்று வர, ஒன்று போக. அவற்றை மறைக்கப் பச்சைக் கம்பளி நூலில் புதரும் வைத்திருந்தான். கடைசி நேரத்தில் புதர் பக்கத்தில் களிமண்ணால் ஒரு பூனையையும் உட்காரவைத்துவிட்டான். அதற்கு நான்தான் காரணம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காற்றோட்டக் கருவிப் பராமரிப்பாளர்,
ஈசூன்