விடுவதா, வைத்துக்கொள்வதா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி; இங்கும் நலமே. கடிதத்தின் பெரும்பகுதியை உன் அபிமானக் கூடைப்பந்து அணியின் மாற்று ஆட்டக்காரருக்கே நீ ஒதுக்கியிருப்பதால், நானும் நேரே அவரிடம் வந்துவிடுகிறேன். ஆட்டத்துக்கு ஆறேழு புள்ளிகள் எடுக்கும் ஒருவருக்கு மீண்டும் ஒப்பந்தம் கொடுத்து, அதற்கு மேல் சொகுசு வரியும் (வீரர்களின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் அணி கட்டும் தொகை) கட்டுவது வீண் என்றும், அவரை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் வேறொருவரைப் பிடிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். முதலாவது வாதிட வேண்டிய விஷயம். இரண்டாவது நடக்காத காரியம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் சம்பள உச்சவரம்பைத் தாண்டிவிட்ட அணி, மூன்று பருவங்களாகத் தன்னிடம் இருக்கும் வீரரை, பழைய நட்சத்திர வீரர் லாரி பேர்டின் பெயரால் வழங்கும் 'பேர்ட் உரிமை'யைக் கொண்டு, வரம்பைப் பொருட்படுத்தாமல் மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அவர் போய்விட்டால் அந்த உரிமையும் அவரோடு போய்விடும். மிச்சப்பட்ட பணத்தை அப்படியே ஒரு வெளியாளுக்குக் கொடுக்க விதி இடம் தராது; குறைந்தபட்சச் சம்பளத்துக்கோ, ஒரு சிறிய விதிவிலக்குத் தொகைக்கோ சம்மதிப்பவரைத்தான் தேட வேண்டியிருக்கும். மிச்சம் உரிமையாளருக்கு, நஷ்டம் பயிற்சியாளருக்கு.

அலெக்ஸ் கருசோவை எடுத்துக்கொள். 2021இல் அவருடைய சராசரி 6.4 புள்ளிகள், ஏறத்தாழ நீ குறைகூறும் அதே அளவு. பேர்ட் உரிமை கையில் இருந்தும் லாஸ் ஏஞ்சலஸ் அணியான லேக்கர்ஸ் அவரை விட்டுவிட, சிகாகோ அணி 4 ஆண்டுகளுக்கு 3.7 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் லேக்கர்ஸ் 33 வெற்றிகளோடு பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுக்கே வரவில்லை. நட்சத்திர வீரர் வெஸ்ட்புரூக்கின் வரவும் காயங்களும் அதற்குப் பெரிய காரணங்கள்தாம். எல்லாப் பழியையும் கருசோ இல்லாமையின் மேல் போட மாட்டேன். ஆனால் 2025இல் ஓக்லஹோமா அணிக்காக, டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட அரை அடி உயரமான டென்வர் நட்சத்திரம் யோக்கிச்சை அவர் முட்டியும் மறித்தும் பந்து எளிதில் போய்ச் சேராதபடி தடுத்ததை நீயும் பார்த்திருப்பாய். அந்த உழைப்புக்கு ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டையில் ஒரு கட்டமும் கிடையாது.

டென்வரின் கதை இதற்கு நேர்மாறானது. 2023 இறுதித்தொடரின் கடைசி ஆட்டத்தில், இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது, தவறிப்போன ஒரு எறிவைப் பிடித்துக் கூடைக்குள் போட்டு அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் புரூஸ் பிரவுன். அவரை வைத்துக்கொள்ள அணிக்கு ஆசைதான். ஆனால் அங்கே ஒரே பருவம் ஆடியிருந்ததால் முழு பேர்ட் உரிமை கிடைக்காமல், சுமார் 78 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வழியில்லை. இந்தியானா 2 ஆண்டுகளுக்கு 4.5 கோடி கொடுத்தது. அதோடு முடியவில்லை, சில மாதங்களிலேயே அந்த ஒப்பந்தத்தைப் பரிமாற்றத்தில் சேர்த்துத்தான் இந்தியானா டொராண்டோ அணியின் நட்சத்திரம் சியாகமைப் பெற்றது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கலாம். விட்டுவிட்டவரைக் கொடுத்து யாரை வாங்குவாய்?

என் தயக்கமெல்லாம் தொகையைப் பற்றியதல்ல, ஆண்டுகளைப் பற்றியது. லீகும் வீரர் சங்கமும் 2023இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வந்த 'இரண்டாம் ஏப்ரன்' என்ற சம்பளச் செலவு எல்லையைத் தாண்டும் அணியால், இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துப் பரிமாற்றம் செய்யவே முடியாது. உன் அணி அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது என்றால், நீண்ட ஒப்பந்தத்தைக் கழற்றிவிடுவது கடினம் என்பதால், முப்பதைத் தாண்டியவருக்கு நான்கு ஆண்டுகள் கொடுப்பதை நானும் எதிர்ப்பேன். இரண்டு ஆண்டுகள், இரண்டாவதில் நீட்டிக்கும் உரிமை அணியிடம் என்றால் நான் இன்றே கையெழுத்திடச் சொல்வேன்.

பிளேஆஃபில், பந்தை நடத்திச் செல்லும் முதன்மை கார்டு மூன்றாவது ஃபவுலோடு (விதிமீறல்) வெளியே உட்கார்ந்திருக்கும் வேளையில், எதிரணியின் சிறந்த கார்டை யார் மறிப்பார்கள்? இப்போது இருப்பவர்களில் ஒரு பெயரை அடுத்த கடிதத்தில் எழுது. நம்பும்படி இருந்தால், அவரை விட்டுவிட நானும் சம்மதிக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்