பேரங்காடிக் கிளைகளும் குமரி மாவட்டத்தின் வேலைவாய்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரங்காடி நிறுவனங்கள் நாடு கடந்து கிளை திறப்பதையும், அதனால் உள்ளூராருக்குக் கிடைக்கும் வேலைகளையும் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வளைகுடா வருமானத்தை நம்பிய குடும்பங்கள் மிகுந்த எங்கள் மாவட்டத்தில் இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு.

தனியார் நிறுவனங்கள் தம் வேலைகளில் ஒரு பங்கைத் தன் குடிமக்களுக்கு அளிக்க வேண்டும் என்னும் நிதாகத் திட்டத்தைச் சவுதி அரேபியா 2011-இல் கொண்டுவந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் திறன்சார் பணிகளில் தம் குடிமக்களின் பங்கை ஆண்டுக்கு 2 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் விதித்தது. இத்தகைய விதிகளால் நம் இளைஞர்களுக்கு அங்கே வாய்ப்பு குறையலாம். ஆயினும் தன் மண்ணில் கடை திறப்பவரிடம் தன் மக்களுக்கு வேலை கேட்கும் அரசைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நாம் அப்படிக் கேட்பதில்லையே என்பதுதான் வருத்தம்.

2022 மார்ச்சில் அபுதாபியில், அங்கே தலைமையிடம் கொண்ட பேரங்காடி நிறுவனமான லுலு குழுமத்துடன் தமிழக அரசு ரூ.3,500 கோடிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டே கோவையில் அதன் பேரங்காடி திறக்கப்பட்டது. முதலீட்டுத் தொகை பேசப்பட்ட அளவுக்கு, எந்த மாவட்டத்து விவசாயியிடம் எவ்வளவு கொள்முதல் என்பது பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு 2012-இல் அனுமதித்தபோது விதித்த 30 சதவீத உள்நாட்டுக் கொள்முதல் நிபந்தனைகூட, தயாரித்த, பதப்படுத்திய பொருள்களுக்கே உரியது. வாழைக்குலைக்கு அதில் இடமில்லை.

எங்களுக்கு வேலை தரக்கூடியது கல்லாவைவிடக் கொள்முதல்தான். ஏத்தன்காய் (நேந்திரன் வாழை), தோவாளைப் பூ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் ஆகியவற்றைத் தரம் பிரிக்கவும், பொதியவும், குளிர்பதனத்தில் வைக்கவும், பூச்சிமருந்து எச்சம் பரிசோதிக்கவும் ஆள் வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையம் நாகர்கோவிலிலிருந்து 70 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. மாவட்டத்திலேயே சிப்பமிடும் கூடமும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் நேரடிக் கொள்முதலும், குறித்த நாளுக்குள் பணமும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால், வெளிநாட்டில் திறக்கும் கிளையும் இங்கே வேலை தரும்.

மற்றொன்று: புதிய வேலைகளை எண்ணுபவர்கள், நாகர்கோவில் வடசேரிச் சந்தையின் சுமைதூக்கும் தொழிலாளர்களும் தெருமுனை மளிகைக் கடைக்காரர்களும் இழக்கக்கூடியதையும் கழித்தே கணக்குச் சொல்ல வேண்டும். அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் அந்தக் கணக்கைத் தமிழக அரசின் தொழில்துறை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.