பட்டாளத்துக் கடிதங்களை எடைக்குப் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, எகிப்துக்கும் பின்னர் இத்தாலிக்கும் சென்ற என் பெரிய தாத்தா தம் தாயாருக்கு எழுதிய பதினொரு கடிதங்கள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. சென்ற மாதம் பூர்வீக வீட்டை இடித்தபோது அவை பழைய தாள்களோடு எடைக்குப் போக இருந்தன. கடைசி நேரத்தில் கண்ணில் பட்டதால் தப்பின. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

அக்கடிதங்களில் போர் அநேகமாக இல்லை. இருக்கும் ஊரையோ படையின் நகர்வையோ குறிப்பிடத் தடை இருந்ததால், எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு மகன் ‘சீமையில்’ இருக்கிறான் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மேலே பிள்ளையார் சுழி, அதை ஒட்டித் தணிக்கை முத்திரை, பிறகு ‘நலம், நலமறிய அவா’. அடுத்து வருவதெல்லாம் விசாரிப்புதான்: மணியார்டர் வந்து சேர்ந்ததா, அடகு வைத்த கம்மலை மீட்டாயிற்றா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, அரிசி என்ன விலை விற்கிறது. தம்மைப் பற்றி அந்த இருபத்திரண்டு வயதுக்காரர் சொல்வது, குளிர் அதிகம், கம்பளி கொடுத்திருக்கிறார்கள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. தணிக்கைக்கு அஞ்சி நிறுத்திக்கொண்டாரா, தாயின் தூக்கத்தைக் கெடுக்க மனமில்லாமலா என்பதை இன்று யார் சொல்ல முடியும்?

சாப்பர்ஸ் வேலை பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் ஆகும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில், அதே பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காத்து உயிர் நீத்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அதே மாதத் தேதியிட்ட எங்கள் கடிதமோ, எருமை கன்று ஈன்றுவிட்டதா என்று கேட்கிறது.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பூலோன் நகரில் இருந்த தணிக்கையாளர்கள் பிரித்து மொழிபெயர்த்து வைத்ததால்தான், அவற்றின் பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் கிடைக்கின்றன. இந்தியப் படையைக் கருப்பு மிளகு என்றும் வெள்ளையர் படையைச் சிவப்பு மிளகு என்றும் மறைபொருளாக எழுதியது அவற்றால்தான் வெளியே தெரிந்தது. காக்க வேண்டிய நாம் தொலைத்தோம், உளவு பார்க்கப் பிரித்தவன் காத்தான்! ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பஞ்சாப் முதலிய வடபகுதியினருடையவை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறக்கப்பட்ட 63-ஆவது பாளையங்கோட்டைப் படையினர் வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்பதை நான் எங்கும் படித்ததில்லை.

ஆகவே, மாவட்ட அருங்காட்சியகங்கள் இத்தகைய கடிதங்களைப் படியெடுத்து, அசலை அந்தந்தக் குடும்பத்திடமே திருப்பித் தரும் ஏற்பாடு ஒன்றை அரசு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அசலைப் பறிகொடுக்க நேருமோ என்ற தயக்கம் இருக்கும்வரை எவரும் பெட்டியைத் திறக்கமாட்டார்கள்; நானும் திறக்கமாட்டேன். திருப்பித் தருவதாக உறுதி கிடைத்தால், பதினொன்றையும் நானே எடுத்துக்கொண்டு வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
செய்யாறு.